வீற்றிருப்பவன் யார்?

மேட்டூரில் அணை கட்டி முடித்து ஓரிரு வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்தேன். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் மூன்று தறிகள் ஓடின. அப்பாவும் அண்ணன்மார் இருவரும் நெய்தார்கள். நான் ஒருவன்தான் தறிக்குழியில் கால் வைக்காமல் யாப்பிலக்கணத்தில் போய் விழுந்தவன். அதனால் வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதையும் நிறையக் கேலியும் உண்டு.

அந்த வருஷம் தாய்மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் ஊர் கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம். எங்கள் ஜனம்தான் என்றாலும் அவர்கள் குடும்பம் தறியை விட்டு இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. பெண்ணின் தகப்பனார் ரெவினியூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஊரில் ஒரு வாசகசாலை தொடங்கியிருந்தார். அதற்கு அவரே தலைவர், அவரே காரியதரிசி, பெரும்பாலான நாட்களில் அவரே வாசகர்.

மாமாவிடம் அவர் ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். சர்க்கார் தாக்கீது போலவே இருந்தது. 'தங்கள் மருமகன் தமிழ் கற்றவர் என்று அறிந்து மகிழ்ந்தோம். இத்துடன் ஒரு செய்யுள் அனுப்பியுள்ளோம். இடர் வந்த காலத்தில் மனிதன் தளராமல் எழ வேண்டும் என்பது இதன் கருத்து. அடுத்த வாரச் சந்தை நாளன்று பிற்பகல் மூன்று மணிக்கு நமது வாசகசாலையில் மாப்பிள்ளை இச்செய்யுளுக்குப் பொருள் விரித்துரைக்கவும். அதன்பின் பெண் பார்க்கும் வைபவம் நடைபெறும்.'

நான் உரக்கப் படித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: "நீ பொண்ணு பாக்கப் போறயா, பரீட்சைக்குப் போறயா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. இதுல தேறினாத்தான் அதுல கூப்புடுவாங்க" என்றார் மாமா.

செய்யுள் தனித்தாளில் அச்சாகியிருந்தது. பூ வேலைப்பாடு கட்டம் கட்டி, நடுவில் எட்டே அடிகள்.

சேற்றில் விழுந்ததோர் காளை – அது
சிந்தை தளர்ந்திட வில்லை;
நூற்றுக்கு மேற்படு மூட்டை – முதுகில்
நோகச் சுமந்தெழுந் ததுவே.
ஆற்றல் பிறர்தர வருமோ? – அஃது
அவரவர் நெஞ்சினில் ஊறும்;
வீற்றிருப் பவனும் வியக்க – அது
வென்று நடந்தது காண்பீர்.

இயற்றியவர் பெயர் போடவில்லை. அடியில் 'வாசகசாலை வெளியீடு' என்று மட்டும் இருந்தது. யார் இயற்றியிருப்பார் என்று கண்டுபிடிக்கப் பண்டிதர் பட்டம் தேவைப்படவில்லை.

நான் அந்தப் பாட்டோடு பத்து நாள் குடித்தனம் நடத்தினேன். காளை என்பது உயிர். சேறு என்பது உலகப் பற்று. மூட்டை என்பது முன்வினை. இவ்வளவும் முதல் நாளே பிடிபட்டுவிட்டன. ஏழாம் அடியில் வரும் 'வீற்றிருப்பவன்' மட்டும் இரண்டு நாள் என்னை அலைக்கழித்தான். மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று பட்டது. நெஞ்சத் தாமரையில் வீற்றிருக்கும் இறைவன்! உயிர் தன் முயற்சியால் எழுவதைக் கண்டு இறைவனே வியக்கிறான். வாயில் வேப்பங்குச்சியோடு உள்ளே ஓடிப்போய் எழுதிவைத்தேன். பதினான்கு பக்கம் வந்தது. அதில் 'வீற்றிருப்பவ'னுக்கு மட்டும் ஐந்து பக்கம்.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதுவரை நான் ஒரு மாட்டின் கயிற்றைக்கூடத் தொட்டதில்லை. எங்கள் தெருவில் மாடு என்றால் காலையில் பால்காரர் ஓட்டிவருவது. அதையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சந்தை நாளன்று மாமாவும் நானும் ராசிபுரம் வரை ஒரு பஸ்ஸிலும் அங்கிருந்து இன்னொன்றிலும் போய்ச் சேர்ந்தோம். வாசகசாலை சந்தைத் திடலுக்கு எதிரிலேயே இருந்தது. ஓட்டுக் கட்டிடம். நீளமான ஒரு கூடம், நான்கு பெஞ்சுகள், கண்ணாடி போட்ட ஒரு பீரோ. வாசலில் பெண்ணின் தகப்பனார் நின்றிருந்தார். தலைப்பாகை, மூடிய கோட்டு, மடிப்புக் கலையாத வேட்டி.

"வாருங்கள். பிரயாணம் சௌகரியமாக இருந்ததா? குறிப்புகள் கொண்டுவந்திருக்கிறீர்கள் அல்லவா?" என்றார். அவர் வீட்டிலும் வெளியிலும் மனுவுக்குப் பதில் எழுதுகிற தமிழில்தான் பேசுவார் என்பது பிறகு தெரிந்தது.

மூன்று மணிக்குக் கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் பின்பக்கம் ஒரு மூங்கில் தட்டிக்கு அப்பால் பெண்களுக்குப் பாய் விரித்திருந்தது. அங்கே வளையல் சத்தம் கேட்டது. பெண்ணும் தாயாரும் வந்திருக்கிறார்கள் என்று மாமா என் காதில் சொன்னார்.

நான் எழுந்து அவையடக்கம் சொல்லத் தொடங்கியதுதான் தாமதம், மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. திடலில் இருந்த சனமெல்லாம் ஓடிவந்து உள்ளே நுழைந்தது. மாடு விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், தரகர்கள், கூடைக்காரிகள் என்று ஐந்து நிமிஷத்தில் கூடம் நிறைந்து ஈரத் துண்டுகளின் வாடை எழுந்தது. பெண்ணின் தகப்பனாரான காரியதரிசியின் முகம் மலர்ந்தது. வாசகசாலை திறந்த நாளிலிருந்து அவ்வளவு பேரை அவர் அங்கே பார்த்ததில்லை.

"அமைதியாக அமருங்கள். சேலத்துப் பண்டிதர் பேசுகிறார்" என்றார்.

வந்தவர்களும் மரியாதைக்காரர்கள். மழை விடுகிறவரை வேறு வேலையும் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்கள். நான் செய்யுளை இரண்டு முறை ராகத்தோடு படித்தேன். காளை என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன். என் குரல் வளத்தால் என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் நான்கு பக்கங்கள் நன்றாகப் போயின. ஐந்தாம் பக்கத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். ஐம்பது வயதிருக்கும். முண்டாசு, நரைத்த மீசை, மடியில் சுருட்டிய சாட்டை. அன்று சந்தையில் ஒரு சோடி மாடு விற்க வந்தவர் என்று பிறகு சொன்னார்கள்.

"ஏனுங்க சாமி, ஒரு சந்தேகமுங்க. அது ஒத்த மாட்டு வண்டிங்களா, ரெட்ட மாட்டு வண்டிங்களா?"

நான் தாளைப் பார்த்தேன். "செய்யுளில் ஒரு காளைதான் சொல்லப்பட்டிருக்கிறது."

"நூறு மூட்டைக்கு மேலன்னு படிச்சீங்களே?"

"ஆமாம்."

"நூறு மூட்டைக்கு ஒத்த மாடுங்களா?"

பின்னாலிருந்து ஒருவர், "நூறு மூட்டைக்கு எட்டு வண்டியாச்சும் வேணுமுங்க" என்றார். "மேல இருந்தா பத்து" என்றார் இன்னொருவர்.

"அது உயர்வு நவிற்சி அணி" என்றேன்.

"அதென்னுங்க?"

"உள்ளதை மிகுத்துச் சொல்வது. கவிஞர்களுக்கு அந்த உரிமை உண்டு."

மீசைக்காரர் யோசித்தார். "ஆறு பல்லு மாட்ட எளசு, ரெண்டு பல்லுதான்னு சொல்லி விக்கறமே, அது மாதிரிங்களா?"

"அதில் ஏமாற்று இருக்கிறது. இதில் அழகு இருக்கிறது."

"வாங்கறவனுக்குத் தெரியற வரைக்கும் அதுவும் அழகாத்தானுங்க இருக்கும்" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் காரியதரிசி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

நான் அணியை விட்டுவிட்டுக் கருத்துக்குப் போனேன். காளை பிறர் துணை இல்லாமல் தானே எழுந்தது, அதுதான் இந்தச் செய்யுளின் உயிர் என்றேன். இதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சங்கடமான முனகல் பரவியது. பாட்டுக் கச்சேரியில் சுருதி விலகினால் எழுமே, அந்த மாதிரி.

"தானா எந்திரிக்காதுங்க சாமி" என்றார் மீசைக்காரர், மிகவும் அன்பாக. "நொகம் கழுத்த அமுத்தும். நாக்கு வெளிய வந்துரும். மொதல்ல பூட்டாங்கயித்த அவுத்து உடோணும். அவுக்காட்டி மாடு செத்துப்போயிருமுங்க."

"இன்னொரு மாடு என்ன பண்ணுச்சுன்னு கேளுங்க" என்று யாரோ தூண்டினார்கள்.

"அதுவும் நாயமான கேள்விதானுங்க. நல்ல சோடியா இருந்தா அது அசையாம நிக்கும். பழகாததா இருந்தா இழுத்துப் போட்டுரும். அது நின்னுதா, இழுத்துதா? பாட்டுல ஒண்ணுமே காணலீங்களே."

நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் தனக்குள் பேசத் தொடங்கிவிட்டது. சேற்றில் முன்னங்கால் மாட்டியதா, பின்னங்கால் மாட்டியதா என்று ஒரு பக்கம். சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும் என்று ஒரு பக்கம். தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் விழித்துக்கொண்டு ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். கூடைக்காரி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"எல்லாஞ் செரிதானுங்க. வண்டியில ஆளு இருந்தாங்களா இல்லீங்களா? இருந்தா மொதல்ல அவிக எறங்கோணும்."

"அந்தப் பாட்ட இன்னொருக்காப் படிங்க சாமி" என்றார் மீசைக்காரர்.

படித்தேன். ஏழாம் அடி வந்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. வீற்றிருப்பவனும் வியக்க. அதாவது உக்காந்திருக்கறவன் ஆச்சரியப்பட்டுப் பாக்கறான். அப்பிடித்தானுங்களே? ஆரோ ஒருத்தன் வண்டி மேலயே உக்காந்திருக்கறான். மாடு சேத்துல கெடக்குது. அவன் எறங்கலே. வேடிக்க பாத்துட்டு இருக்கறான்."

இங்கேதான் என் ஐந்து பக்கங்களைக் களத்தில் இறக்கினேன். "வீற்றிருப்பவன் என்பது மனிதன் இல்லை. உள்ளத்தில் வீற்றிருக்கும் இறைவன்."

கூடைக்காரி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "சாமியா இருந்தா எறங்கியிருப்பாருங்க."

நான் ஐந்து பக்கத்தையும் மடித்து வைத்தேன். பிறகு கூட்டம் அந்த உட்கார்ந்திருந்தவனை ஒரு கை பார்த்தது. எந்த ஊர்க்காரனோ, மனசில ஈரமில்லாதவன் என்றார் ஒருவர். வண்டியில் ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரியாதா என்றார் ஒருவர். அவனையும் ஒரு நாள் நுகத்தில் பூட்டினால் தெரியும் என்று ஓர் அபிப்பிராயம் வந்தது. அதற்குப் பலத்த ஆதரவு இருந்தது. நான் தற்செயலாகக் காரியதரிசியின் பக்கம் திரும்பினேன். அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. எனக்கு அப்போதும் புரியவில்லை. பாட்டைக் குறை சொன்னதால் வந்த கோபம் என்றே நினைத்தேன்.

அப்போது தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. உரத்த குரல் இல்லை. ஆனால் கூடம் அடங்கிப்போயிற்று.

"அன்னைக்கு நான் எறங்கினேனுங்க."

பெண்ணின் தாயார். தட்டியை ஒட்டி வந்து நின்றது அந்த இடுக்குகளில் தெரிந்தது.

"போன ஐப்பசியில கோயிலுக்குப் போய்ட்டு வந்தமுங்க. மூட்ட ஒண்ணும் இல்லீங்க. கூண்டு வண்டியில நாங்க மூணு பேரும் ஒரு தூக்குப் போசி புளிச்சோறும்தான். ஏரிக்கரை எறக்கத்துல வலத்த மாடு படுத்துருச்சு. வண்டிக்காரரு பூட்டாங்கயித்த அவுத்தாரு. நானு நொகத்தத் தூக்கிப் புடிச்சேன். எம் பொண்ணு சக்கரத்துக்குக் கல்லு வெச்சா. மாடும் பாவம், தம் புடிச்சு எந்திரிச்சுது. இடத்த மாடு அசையாம நின்னுது, நீங்க கேட்டீங்களே, அது நல்ல மாடுங்க."

"அப்ப உக்காந்திருந்தது?" என்று மீசைக்காரர் கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. சாட்டையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"அவிக வேட்டி புதுசுங்க. கீழ ஒரே சேறு" என்றாள் அந்த அம்மா, கணவருக்காகப் பரிந்து பேசுகிற தோரணையில்.

காரியதரிசி எழுந்து நின்றார். மாமா தன் குடையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"வேட்டி புதிது அல்ல" என்றார் அவர். "சலவை செய்தது."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய பரிவு உண்டாயிற்று. அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லித் தப்பிக்க அவருக்கு வழி இருந்தது. அந்த வழியில் அவர் போகவில்லை. விவரத்தை மட்டும் திருத்தினார். ஆயுள் முழுக்க நில அளவை சரிபார்த்தவர் அல்லவா.

ஆனால் என் நிலைமை மோசமாகிவிட்டது. செய்யுளைக் கைவிட்டால் பெண் கிடைக்காது. பிடித்துக்கொண்டால் ஊர் சிரிக்கும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் வேறு வழியில்லாமல் தாளைப் பார்த்தேன். பத்து நாட்களாக அந்த எட்டு அடிகளுக்கு மேலும் கீழும் என்னென்னவோ எழுதியிருந்தேனே ஒழிய, அடிகளை ஒழுங்காகப் படித்ததே அப்போதுதான்.

"ஐந்தாம் அடியைக் கவனியுங்கள்" என்றேன். "ஆற்றல் பிறர்தர வருமோ? இங்கே ஒரு கேள்விக்குறி இருக்கிறது. வராது என்பதைத்தான் கவிஞர் இப்படிச் சொல்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு. இது உண்மையாகவே கேட்கிற கேள்வி. பிறர் கொடுத்தால் ஆற்றல் வருமா? அடுத்த அடியில் பதில் சொல்கிறார். அவரவர் நெஞ்சினில் ஊறும். மாட்டின் நெஞ்சில் என்று சொல்லவில்லை. அவரவர் நெஞ்சில். அவிழ்த்தவர் நெஞ்சில், நுகத்தைத் தூக்கியவர் நெஞ்சில், கல் வைத்தவர் நெஞ்சில், அசையாமல் நின்ற மாட்டின் நெஞ்சிலும். இத்தனை பேரிடமும் ஊறியது சேர்ந்துதான் விழுந்தது எழுந்தது. ஐயா அந்தக் கேள்விக்குறியைத் தெரிந்தேதான் போட்டிருக்கிறார்."

காரியதரிசி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆம். தெரிந்தேதான் போட்டேன்" என்றார்.

"அதெல்லாஞ் செரிங்க சாமி. உக்காந்திருந்தவரு நெஞ்சுல என்ன ஊறுச்சு?" என்று கூடைக்காரி விடாமல் கேட்டாள்.

"வியப்பு ஊறியது. வீட்டுக்கு வந்து பாட்டு எழுதினார். இறங்கியிருந்தால் எழுதியிருக்க மாட்டார், கால் கழுவியிருப்பார்."

இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். தட்டிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு மட்டும் மற்றவை ஓய்ந்த பிறகும் நிற்கவில்லை. அது யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்தது. அதுவரை இல்லாத ஒரு படபடப்பு அப்போதுதான் வந்தது.

மழை விட்டது. சனம் வந்த வேகத்திலேயே வெளியேறியது. மீசைக்காரர் மட்டும் காரியதரிசியிடம் போய்க் கும்பிட்டார்.

"எழுத்து நல்லா இருக்குதுங்க. மாடுதானுங்க செரியில்ல. அடுத்த தாட்டி மாட்டப் பத்தி எழுதறதுன்னா சொல்லி உடுங்க, வாரேன்."

"அவசியம்" என்றார் அவர். அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனோம். கேசரியும் காப்பியும் வந்தன. பெண் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று பார்த்தால், தாயாரின் பக்கத்தில் நின்றுகொண்டாள். மாநிறம். நெற்றியில் ஒரு பழைய தழும்பு. தகப்பனாரும் மாமாவும் முகூர்த்த மாதங்களைப் பற்றிப் பேசுவதற்காக முன்கட்டுக்கு எழுந்து போனார்கள். அவள் அவர்கள் போகும்வரை பார்த்திருந்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"அந்தக் கேள்விக்குறி அச்சாபீசுக்காரங்க தப்பாப் போட்டதுங்க. அப்பா ஆச்சரியக்குறிதான் போட்டிருந்தாங்க. அச்சுக்கு நகல் எழுதிக் குடுத்தது நான்தானே, எனக்குத் தெரியும்."

எனக்குக் காப்பி புரை ஏறிவிட்டது. "அப்பாவிடம் சொல்ல வேண்டாமா?" என்று இருமலுக்கு நடுவே கேட்டேன்.

"எதுக்குங்க? இப்ப அவிகளே நம்பிட்டாங்க. இனி கேட்டா அதுக்கு நாலு பக்கம் விளக்கம் சொல்லுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க சொன்ன அர்த்தம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நெறையப் பக்கம் எழுதிட்டு வந்திருந்தீங்க போல" என்றாள்.

"பதினான்கு."

"எட்டு அடிக்கா?"

தாயார் அவள் கையைக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. எனக்கு என் அண்ணன்மார் ஞாபகம் வந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கேலியிலேயே வளர்ந்தவன் நான். ஆனால் இந்தக் கேலியை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. மாமா திரும்பி வந்து கண்ணாலேயே என்ன என்று கேட்டார். நான் வேகமாகத் தலையை ஆட்டினேன். அதை அவர் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு முகம் வாடிவிட்டார். வாயைத் திறந்து சம்மதம் சொல்ல வேண்டியதாயிற்று, அதுவும் பெண்ணின் எதிரிலேயே. அப்படிச் சொன்ன மாப்பிள்ளை எங்கள் ஜனத்தில் நான்தான் முதல் என்று மாமா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாமனார் இருபத்துநான்கு அடியில் வாழ்த்துமடல் எழுதி அச்சடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். சபையில் நான் அதற்குப் பொருள் விரித்துரைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பந்திக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி மாமியார் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அன்று எனக்கு அவள் செய்த உபகாரத்தை நான் மறக்கவில்லை.